அமிலத்தில் வாழும் கிருமி

‘அல்சர்’ என்னும் சொல்லை அறியாத வீடு இன்று நம்மிடையே அரிது. மேல் வயிற்றில் எரிச்சல். பசி வேளையில் சுருக்கென்று வலி. நள்ளிரவில் வலியால் விழிப்பு. ஒரு வாய்ச் சோறோ ஒரு தம்ளர் பாலோ உள்ளே சென்றதும் சற்று அமைதி. இரண்டு மணி நேரம் கழிந்ததும் மீண்டும் அதே வலி. இவற்றை யாரிடமாவது சொன்னால் அறிவுரைகள் வந்து குவியும். ‘காரத்தைக் குறை’ என்பார் ஒருவர். ‘வேளைக்குச் சாப்பிடாததால் வந்த வினை’ என்பார் மற்றொருவர். ‘கவலைதான் காரணம்’ என்பார் இன்னொருவர். வீட்டிலுள்ள பெரியவர்கள் மணத்தக்காளிக் கீரையைச் சமைத்துக் கொடுப்பார்கள். நோயாளியோ கடையில் ஓர் அமில மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணியிருந்தது. மிகுதியான அமிலமும் மன அழுத்தமும் உணவுப் பழக்கமுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று பாடநூல்கள் கூறின. ஆனால், இப்புண்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு பாக்டீரியா என்பது 1980-களில் வெளிப்பட்டது. அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் அது குடியிருக்கிறது என மதிப்பிட்டிருக்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வயிற்றிலும் அது இருக்கக்கூடும். அது யார், எப்படி வாழ்கிறது, என்ன செய்கிறது, அதை எப்போது விரட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

இரைப்பை தன்னையே ஏன் செரித்துவிடுவதில்லை?

நம் இரைப்பை ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது. அமிலத்தின் வலிமையை அளக்க வேதியியலார் பி.எச். என்னும் அளவைப் பயன்படுத்துகிறார்கள். தூய நீரின் பி.எச். 7, அந்த எண் குறையக் குறைய அமிலத்தின் வலிமை கூடும். வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். 1 முதல் 2 வரைதான். எலுமிச்சைச் சாற்றைவிட இது கடுமையானது. இதனுடன் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் நொதியும் சேர்ந்துகொள்கிறது.

இறைச்சியையே கரைத்துவிடும் இந்த நீர், இறைச்சியால் ஆன இரைப்பையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? காரணம், இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் வழவழப்பான சளிப்படலம். இது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு கனமே உடையது. இப்படலத்துக்குள் உட்சுவரின் செல்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருளை இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கின்றன. ஆகவே படலத்தின் மேற்புறம் கடும் அமிலமாக இருக்க, செல்களை ஒட்டிய அடிப்புறம் ஏறக்குறைய தண்ணீரைப் போல் நடுநிலையில் இருக்கிறது. மேலும், உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை தோன்றுகின்றன. இந்தக் காவல் சரியாக இருக்கும்வரை அமிலத்தால் இரைப்பைக்குத் தீங்கு இல்லை. இதை நினைவில் வையுங்கள். புண் எப்படி உண்டாகிறது என்பதற்கான விடை இந்தக் காவலில்தான் அடங்கியுள்ளது.

குடியேறும் விதம்

உணவோடும் நீரோடும் வயிற்றுக்குள் நுழையும் கிருமிகளில் மிகப் பல அமிலத்தில் மடிந்துவிடுகின்றன. இதனால்தான் இரைப்பையில் கிருமிகள் நிலையாக வாழ முடியாது என்று அறிஞர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி வாழ்கிறது. எப்படி?

இது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு வரை நீளமுள்ள சுருள் வடிவக் கிருமி. ‘ஹெலிகோ’ என்பது சுருளையும், ‘பைலோரி’ என்பது இரைப்பை சிறுகுடலோடு சேரும் வாயிலையும் குறிக்கும். கிரேக்க மொழியில் ‘பைலோரஸ்’ என்றால் வாயிற்காவலன் என்று பொருள். கிருமியின் ஒரு முனையில் சாட்டை போன்ற நான்கு முதல் ஆறு இழைகள் உள்ளன. அவற்றைச் சுழற்றி அது நீந்திச் செல்கிறது. அமிலம் எந்தப் பக்கம் மிகுதி, எந்தப் பக்கம் குறைவு என்பதை உணர்ந்து, குறைவான பக்கம் நோக்கி, அதாவது சளிப்படலத்தின் அடிப்புறம் நோக்கி அது விரைகிறது.

அங்கு போய்ச் சேரும்வரை அமிலத்தைத் தாங்க வேண்டுமே! அதற்கு அது யூரியேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. நம் இரத்தத்திலிருந்து யூரியா என்னும் கழிவுப்பொருள் சிறிதளவு இரைப்பைக்குள்ளும் கசிந்து வருகிறது. யூரியேஸ் அதைப் பிரித்து அம்மோனியாவாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றுகிறது. அம்மோனியா ஒரு காரம், அமிலத்தைத் தணிக்கவல்லது. கிருமி தன்னைச் சுற்றி அமிலமில்லாத ஒரு சிறு வட்டத்தை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் உயிர் வாழ்கிறது. வெளியே அமிலம் மிகும்போது மட்டும் யூரியாவை உள்ளே விடும் ஒரு நுண்ணிய வாயிலும் அதன் சவ்வில் இருக்கிறது. அமிலம் குறைந்தால் அவ்வாயில் மூடிக்கொள்ளும். இல்லையேல் அம்மோனியா மிகுந்து கிருமியையே கொன்றுவிடும்.

அம்மோனியாவால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. இரைப்பையின் சளி, அமிலம் மிகுந்த நிலையில் கெட்டிக் கூழாக இருக்கும். அமிலம் தணிந்தால் இளகிவிடும். கிருமி தன் சுருள் உடலால் துளைத்துக்கொண்டு செல்கிறது என்று முன்பு எண்ணினார்கள். சளியை அம்மோனியாவால் இளக்கிவிட்டு, அந்த இளகிய பாதையிலேயே அது நீந்துகிறது என்பதை 2009-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது.

கண்ணில் பட்டும் கருத்தில் படாதது

இக்கிருமியை அறிஞர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலி நாட்டுப் பிட்சோசெரோ 1893-இல் நாய்களின் இரைப்பையில் சுருள் கிருமிகளைக் கண்டார். போலந்தின் கிராக்கோ நகரில் யாவோர்ஸ்கி என்பவர் 1899-இல் மனித இரைப்பைக் கழுவுநீரில் அவற்றைக் கண்டு எழுதினார். ஆயினும் 1954-இல் அமெரிக்க மருத்துவர் பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்து, அவற்றில் கிருமி ஏதும் இல்லை என்று அறிவித்தார். அவர் பயன்படுத்திய சாயம் இக்கிருமியைத் தெளிவாகக் காட்டக்கூடியதன்று. ஆனால் அவருடைய முடிவே நிலைபெற்றது. ‘அமிலமில்லையேல் புண்ணில்லை’ என்று 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் வகுத்த கொள்கை ஏற்கெனவே ஊன்றியிருந்தது. அமிலத்தைக் குறைப்பதே மருத்துவமாயிற்று.

1976-இல் சிமெட்டிடின் என்னும் மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பை அது நன்றாகக் குறைத்தது, புண்களும் ஆறின. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புண் மீண்டும் வந்தது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையால் அகற்ற வேண்டியதாயிற்று. புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு யாராலும் திருப்தியான விடை கூற முடியவில்லை.

பெர்த் நகரில் நடந்தது

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரின் ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் நோய்க்குறியியல் அறிஞராகப் பணியாற்றினார். 1979-இல் ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதன் மேற்பரப்பில் வளைந்த கிருமிகள் ஒட்டியிருக்கக் கண்டார். வெள்ளி சேர்ந்த சாயமேற்றியபோது அவை மிகத் தெளிவாகத் தெரிந்தன. அதன்பின் தேடத் தேடப் பலரின் திசுக்களில் அவை கிடைத்தன. கிருமி இருந்த இடத்திலெல்லாம் திசு அழற்சியும் இருந்தது. 1981-இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார்.

1982-இல் இருவரும் நூறு நோயாளிகளின் இரைப்பைத் திசுக்களை ஆராயத் தொடங்கினார்கள். கிருமியை வெளியே வளர்க்கும் முயற்சி முதல் முப்பத்து நான்கு பேரின் திசுக்களில் தோற்றுப்போயிற்று. வளர்ப்புத் தட்டுகளில் இரண்டு நாட்களில் ஏதும் முளைக்காவிட்டால் எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாட்களுக்கு மேல் அப்படியே கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால், கிருமிகள் வளர்ந்திருந்தன! அவை மெதுவாக வளர்பவை. முன்பெல்லாம் அவகாசம் கொடுக்காமலேயே தட்டுகள் எறியப்பட்டிருந்தன.

ஆய்வின் முடிவு 1984-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. நூறு பேரில் 58 பேரிடம் கிருமி காணப்பட்டது. இரைப்பை அழற்சியும் புண்ணும் உடையவர்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் அது இருந்தது.

மெய்ப்பிக்கும் முறை

ஒரு கிருமியும் ஒரு நோயும் சேர்ந்து காணப்படுவதாலேயே கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புண் வந்த இடத்தில் கிருமி பின்னால் வந்து குடியேறியிருக்கலாமே! காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து 1905-இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் காக் இதற்குச் சில விதிகளை வகுத்திருந்தார். நோயாளியிடம் கிருமி காணப்பட வேண்டும். அதைத் தனியே பிரித்து வளர்க்க முடிய வேண்டும். நலமான ஓர் உயிருக்குள் செலுத்தினால் அதே நோய் உண்டாக வேண்டும். அவ்வுயிரிடமிருந்து அதே கிருமி மீண்டும் கிடைக்க வேண்டும்.

முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவதற்காகப் பன்றிக்குட்டிகளில் செய்து பார்த்த சோதனை பலிக்கவில்லை. 1984-இல், தம் 32-ஆம் வயதில், மார்ஷல் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். முதலில் தம் இரைப்பையில் கிருமி இல்லை என்பதை உள்நோக்குக் கருவியால் உறுதி செய்துகொண்டார். பிறகு கிருமி வளர்த்த கலங்கிய நீரைக் குடித்தார். சில நாட்களில் வாந்தியும் வாய் நாற்றமும் தோன்றின. பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சியும் இருந்தது; கிருமியும் இருந்தது. பின்னர் அவர் மருந்து உட்கொண்டு நலமடைந்தார்.

இச்சோதனை மெய்ப்பித்தது இரைப்பை அழற்சியை மட்டுமே. மார்ஷலுக்குப் புண் வரவில்லை. புண்ணுக்கும் கிருமிக்குமுள்ள தொடர்பை உறுதியாக நிலைநாட்டியது, 1988-இல் வெளியான இன்னோர் ஆய்வு. சிறுகுடலின் முற்பகுதியில் புண்ணுள்ள நூறு பேருக்குச் சிகிச்சை தந்து ஓராண்டுக் காலம் கவனித்தார்கள். கிருமி அழியாமல் எஞ்சியவர்களில் ஆறிய புண் மீண்டும் வந்தது நூற்றுக்கு 84 பேருக்கு. கிருமி அகன்றவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே. புண் திரும்பத் திரும்ப ஏன் வந்தது என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 2005-இல் வாரனும் மார்ஷலும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

புண் உண்டாவது எப்படி?

அப்படியானால் அமிலம் குற்றமற்றதா? இல்லை. திசுவை அரிப்பது அமிலமும் பெப்சினுமே. அவை அரிக்கும்படி காவலைக் குலைத்துவிடுவது கிருமி.

கிருமியின் நச்சுப்பொருள்கள் உட்சுவரின் செல்களைத் தாக்குகின்றன. அதை எதிர்க்க வெள்ளணுக்கள் வந்து திரள்கின்றன. ஆனால் சளிக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை அவற்றால் முற்றாக ஒழிக்க முடிவதில்லை. இந்தப் போர் ஆண்டுக்கணக்கில் நீள்வதால் திசுவில் நீடித்த அழற்சி உண்டாகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி மிகுந்தால், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் என்னும் இயக்குநீர் அளவு மீறிச் சுரக்கிறது. மிகுதியான அமிலம் சிறுகுடலின் முற்பகுதிக்குள் வழிந்து அங்கே புண்ணை உண்டாக்குகிறது. அழற்சி இரைப்பை முழுவதும் பரவினால் நிலைமை வேறு. அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெல்ல மெல்ல நலிகின்றன. இரைப்பையிலேயே புண் வரலாம். பல பத்தாண்டுகளுக்குப் பின் சிலருக்குப் புற்றுநோயும் தோன்றலாம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது.

இதைப் படித்ததும் அஞ்ச வேண்டியதில்லை. கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் அறியாமல் வாழ்கிறார்கள். நூற்றில் பத்து முதல் இருபது பேருக்குப் புண்ணும், ஓரிருவருக்குப் புற்றுநோயும் வரலாம் என்று மதிப்பிடப்படுகிறது. கிருமியின் வகை, உடலின் இயல்பு, உப்பு மிகுந்த உணவு, புகையிலை ஆகியவை இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. இந்தியாவில் இத்தொற்று மிகப் பரவலாயினும் இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானையும் கொரியாவையும்விடக் குறைவு. ஆனால் நாட்டுக்குள்ளேயே மிசோரத்திலும் சென்னையிலும் அது வட இந்திய நகரங்களில் உள்ளதைவிட மிகுதி.

கிருமி வரும் வழியும் அறியும் வழியும்

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தாரிடமிருந்தே தொற்றுகிறது. உமிழ்நீர், வாந்தி, மலம் ஆகியவற்றின் வழியாகவும், மலம் கலந்த நீரின் வழியாகவும் பரவக்கூடும். நெருக்கமான குடியிருப்பும் தூய்மையற்ற குடிநீரும் உள்ள இடங்களில் தொற்று மிகுதி. பெரியவர்கள் மென்ற உணவைக் குழந்தைக்கு ஊட்டுவதைத் தவிர்க்க வேண்டும். சாப்பிடுமுன்னும் மலம் கழித்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தூய குடிநீரும், கழிப்பிட வசதியும் சிறந்த தடுப்பு முறைகள். பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இதற்கு இதுவரை இல்லை.

கிருமி இருப்பதை அறியப் பல சோதனைகள் உண்டு. அவற்றுள் சுவையானது மூச்சுச் சோதனை. கார்பன்-13 என்னும் அடையாளக் கார்பன் சேர்ந்த யூரியாவை நோயாளி அருந்துகிறார். வயிற்றில் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவைப் பிரிக்கும். அடையாளமிட்ட கார்பன்-டை-ஆக்சைடு இரத்தத்தில் கலந்து மூச்சோடு வெளிவரும். எந்த நொதியால் கிருமி தன்னைக் காத்துக்கொள்கிறதோ அந்த நொதியே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது! மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனையும், உள்நோக்குக் கருவியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனையும் உள்ளன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால் இருக்கும் கிருமியும் இல்லை என்று காட்டக்கூடும். எனவே அவற்றில் ஒமெப்ரசோல் போன்றவற்றை இரண்டு வாரங்களுக்கு முன்பும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நான்கு வாரங்களுக்கு முன்பும் மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும்.

மாத்திரையை இடையில் நிறுத்தலாமா?

இக்கிருமியை ஒரே மருந்தால் ஒழிக்க முடியாது. இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும், பலருக்குப் பிஸ்மத் உப்பும் சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாட்கள் தரப்படுகின்றன. மூன்றாம் நான்காம் நாளிலேயே எரிச்சல் தணிந்துவிடலாம். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் தோன்றலாம். ‘வலிதான் போய்விட்டதே’ என்று பலர் அத்துடன் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெருந்தவறு. வலி குறைந்தது அமிலம் குறைந்ததால். கிருமி இன்னும் உயிரோடிருக்கிறது. அரைகுறையாக அடிபட்ட கிருமிகளில் மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து பயன்படாது. நம் நாட்டில் இக்கிருமி மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்குப் பெருமளவு பணியாமல் போய்விட்டது. ஆகவே சீட்டிலுள்ள மருந்துகளை முழு நாட்களும் உட்கொள்ளுங்கள். முடித்து நான்கு வாரங்களாவது கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லா வயிற்றெரிச்சலும் இக்கிருமியால் வருவதன்று என்பதையும் அறிய வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலிநீக்கி மருந்துகளும் புண்ணை உண்டாக்குகின்றன. மூட்டுவலிக்கு அவற்றைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். காரமான உணவும் கவலையும் தொல்லையை மிகுவிக்கலாம்; ஆனால் பெரும்பாலான புண்களுக்கு அவை மூலகாரணம் அல்ல.

கருங்கீல்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மாத்திரைக் கடைக்கு அல்ல, மருத்துவமனைக்கே செல்லுங்கள். பிஸ்மத் மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும் என்றாலும், அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் அச்சத்தால் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் எரிச்சல் உள்ளவர்களும், முன்பு புண் வந்தவர்களும், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களும் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது நலம்.

எரிச்சல் நோயன்று; நோயின் அறிகுறி. உங்கள் வீட்டில் யாரேனும் ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரையை மட்டுமே விழுங்கி வந்தால், இந்தக் கிருமியைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வார மருந்தில் தீரக்கூடிய நோயை அவர் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டியதில்லை.